பெருமாளுக்குத் துண்டு போட்ட சீட்

என் மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து, அம்மா வைத்த வத்தக்குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாய், நன்றாகத்தான் இருக்கிறாய். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கூடத்துச் சுவரில் இருக்கும் பெருமாள் படத்தைக் காட்டி, "அப்பா, இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா? தெனம் காலையில அரை மணி நேரம் ஒக்காரலாம்னு இருக்கேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. உங்கள மாதிரி வரணும்பா" என்றாய். நான் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். உன் கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "பெத்த புள்ள ஒரு படம் கேட்டா அதுக்கா மூஞ்சத் திருப்பிக்கறது?" என்றாள். பிறகு அவளாகவே குரலை இறக்கி, "அந்த விஷயத்த அவன்கிட்ட சொல்லிடுங்க. நேர்ல வாய் வரலன்னா எழுதியாவது குடுங்க" என்றாள். அந்த விஷயம் என்னவென்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். நாலு நாள் தள்ளிப் போட்டேன். இன்று பேனாவை எடுத்துவிட்டேன்.

உன்னை உறுத்தியது நான் படம் தராதது. என்னை உறுத்தியது நீ சொன்ன "உங்கள மாதிரி". சின்ன வயதிலிருந்து என்னை நெற்றி நிறையத் திருமண்ணோடும் தோளில் துண்டோடும் பார்த்து வளர்ந்தவன் நீ. செங்கல்பட்டு ஸ்டேஷனில் "பஜனை சார் பையன்" என்று சொல்லி உனக்கு டீக்கடைக்காரர் பிஸ்கட் கொடுத்ததை நீயே பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மரியாதை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இல்லாத ஒரு ஆளைப் பார்த்து நீ உன் வழியைத் தொடங்கிவிட்டால் அது இதைவிடப் பெரிய பாவம். இன்னொன்றும் இருக்கிறது. நேற்று மருமகள் போனில் பேசும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "மாமா, உங்க புள்ள ஒரு ரூம காலி பண்ணி மணையெல்லாம் போட்டாச்சு. காலையில அந்தப் பக்கம் பாப்பா போகவே கூடாதாம். போனா ஒரே கத்தல்." அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் அது. காலை வண்டியில் பீச் ஸ்டேஷனுக்குப் போகிற எங்கள் பஜனை கோஷ்டி உனக்குத் தெரியும். பதினைந்து பேர், இரண்டு ஜோடி தாளம், ஒரு கஞ்சிரா. வண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நிற்பதற்குள் கோபால் ஓடிக்கொண்டே ஏறி, ஜன்னலோர சீட் ஒன்றில் துண்டைப் போட்டுவிடுவான். அது சாமி சீட். மேலே சாமான் வைக்கிற கம்பியில் கயிறு கட்டி இந்தப் படத்தை மாட்டுவோம்; கீழே சீட்டில் பூத்தட்டு, உன் அம்மா விடிவதற்கு முன் எழுந்து தாளித்துக் கொடுத்த சுண்டல் டப்பா. வேறு யாரும் அங்கே உட்காரக் கூடாது. கூட்டம் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும்படி நிற்கும். பெருமாள் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு வருவார். இதோடு விட்டேனா? மறைமலை நகர் தாண்டினால் தாம்பரம் வரை கண்ணை மூடிக்கொண்டுதான் பாட வேண்டும், நடுவில் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு போட்டிருந்தேன். படத்தை வெளி ஆள் யாரும் தொடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஒரு தரம் ஒரு காலேஜ் பையனின் பை இடித்துப் படம் ஆடியதற்கு நான் போட்ட சத்தத்தில் அவன் அடுத்த ஸ்டேஷனிலேயே பெட்டி மாறிவிட்டான். எல்லாம் பக்திதான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை. வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஒரு மீன்காரம்மா கூடையோடு எங்கள் பெட்டியில் ஓடி ஏறினாள். கூடைக்காரர்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதைத் தவறவிட்டுக் கையில் கிடைத்ததில் தொற்றிக்கொண்டாள் போலிருக்கிறது. முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்குகிறது. கூடையைக் காலடியில் இறக்கிவிட்டுச் சாமி சீட்டைப் பார்த்தாள். நான் தாளத்தை நிறுத்தாமலே, "அது சாமி சீட்டும்மா. ஒக்காராத" என்றேன். "சாமி ஒக்காரட்டும் நைனா. நான் நின்னுகினே வர்றேன். கூடுவாஞ்சேரிதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சாமிக்கு இடம் விட்டதுபோலச் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்கு மீன் வாடை மட்டும்தான் தெரிந்தது. மறைமலை நகர் தாண்டியது. கண்ணை மூடிக்கொண்டேன், குரலை எடுத்தேன்.

அன்று கண்ணை மூடிக்கொண்டு நான் எங்கே இருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பெருமாளிடம் இல்லை. ஆபீசில் எனக்கு ஆறு வருஷம் பின்னால் சேர்ந்தவனுக்கு சூப்பரிண்டெண்ட் வேலை வரப்போகிறது என்று முதல் நாள் சாயங்காலம் காதில் விழுந்திருந்தது. வாய் நாராயணா என்றது. வயிறு பற்றி எரிந்தது. அவன் எந்த ஆபீசருக்கு என்ன வாங்கிக் கொடுத்திருப்பான், அவனைப் பார்த்தால் சிரிப்பதா வேண்டாமா, இதையெல்லாம் ராகத்தோடு யோசித்துக்கொண்டே பாடினேன். கோஷ்டிக்கு அன்று என் பாட்டு ரொம்ப உருக்கமாக இருந்ததாம், பிறகு கோபால் சொன்னான்.

தாம்பரத்தில் வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் கம்பியில் படம் இல்லை. அறுந்த கயிறு மட்டும் தொங்குகிறது. படம் அந்த மீன்காரம்மாவின் கையில். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கூட்டம் இடிக்காமல் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். "கவுறு அறுந்துட்ச்சி நைனா, வுழுந்துடப் போவுதேன்னு..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. "யாரு உன்னத் தொடச் சொன்னது? மீன் அள்ற கையால சாமியத் தொடுவியா நீ?" என்று கத்தினேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படத்தைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன், வாங்கினேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் பிளாட்பாரக் குழாயில் துண்டை நனைத்துப் படத்தை மூன்று தடவை துடைத்தேன்.

மறுநாள் எங்கள் பெட்டியில் வழக்கமாக எதிர் வரிசையில் வருகிற ஒரு டீச்சரம்மா என்னிடம் வந்தார்கள். "சார், நேத்து அந்தம்மா கூடுவாஞ்சேரியில எறங்க வேண்டியவங்க" என்றார்கள். எனக்கு முதலில் புரியவில்லை, அவர்களே நடந்ததைச் சொன்னார்கள். கயிறு அறுந்தது மறைமலை நகர் தாண்டிய கொஞ்ச நேரத்தில். படம் கீழே விழுவதற்குள் அவள் தாவிப் பிடித்துவிட்டாள். யாரிடமாவது கொடுக்கச் சுற்றிப் பார்த்தாள். எங்கள் பதினைந்து பேருக்கும் கண் மூடியிருக்கிறது. மற்றவர்கள் வாங்க மாட்டோம் என்று தலையாட்டிவிட்டார்கள். கூடுவாஞ்சேரி வந்தது. கதவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது. "நீங்களாவது வாங்கி வெச்சிருக்கலாமே டீச்சர்" என்று கேட்டேன். "தொட்டா நீங்க என்ன கத்துக் கத்துவீங்கன்னு இந்தப் பொட்டியில எல்லாருக்கும் தெரியும் சார். நானும் சும்மாத்தான் இருந்தேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு" என்றார்கள். அன்று நான் பாடவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "ரெண்டு வருஷமா தெனம் சுண்டல் செஞ்சு குடுக்கறேனே, அதுல ஒரு பிடி அந்தம்மாவுக்குக் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கூடைக்காரர் பெட்டியில் தேடினேன். அடுத்த வாரமும் தேடினேன். ஆள் இல்லை. நவராத்திரி வந்தது. ஆயுத பூஜைக்கு ரயிலுக்கு மாலை போடுகிற கையோடு படத்தையும் பிரித்துத் துடைக்கலாம் என்று எடுத்தேன். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பெருமாளின் பாதத்துக்குக் கீழே, ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. நான் மூன்று தடவை துடைத்தும் போகாமல் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தபோது வெள்ளியும் ஊதாவுமாக மின்னியது. ஜரிகை அங்கவஸ்திரத்தில்கூட அந்த மினுக்கு இருக்காது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதை எடுக்கக் கை வரவில்லை, அப்படியே மூடிவைத்தேன்.

மாசி மகத்துக்கு உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மாமல்லபுரம் போனது ஞாபகம் இருக்கிறதா? கடலில் குளிக்கப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னோம். நான் போனது அவளைத் தேடி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மீன் விற்கிற ஒருத்தியிடம், படத்தைப் பிடுங்கியபோது கண்ணில் பட்ட அடையாளங்களைச் சொல்லிக் கேட்டிருந்தேன்: புருவத்தில் வெட்டுத் தழும்பு, முன்கையில் பச்சை குத்திய தேள். "அஞ்சலையா? அது இப்போ ரெயிலுக்கு வர்றதில்ல சார். மாபலிபுரத்தாண்ட குப்பத்துல கீது" என்றிருந்தாள். விடிகிற நேரம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. துணியைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கிய இருளர் குடும்பங்கள், சங்கிலிபோலக் கை கோத்துக் கடலில் இறங்கும் பெண்கள், மணலில் உருளும் குழந்தைகள். கோயிலிலிருந்து பெருமாளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரை வந்தார்கள். அதே நேரம் சூரியன் கிளம்பியது. ஒரு அலை வந்து தூக்கியவர்கள் முழங்கால், என் முழங்கால், ஒரு இருளர் கிழவரின் முழங்கால் எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துவிட்டுப் போனது. அவ்வளவு பெரிய கடல் ஆளுக்கு ஆள் பார்க்காமல் வந்து தொட்டதைப் பார்த்து வாய் அடைத்து நின்றேன். பிறகு கோயிலுக்குள் போனோம். அந்த ஊர்ப் பெருமாளுக்குப் பாம்புப் படுக்கைகூடக் கிடையாது, வெறும் தரையில் படுத்திருப்பார். நூறு தடவை தரிசித்திருக்கிறேன். தரையில் படுத்தவருக்கு நான் ஜன்னல் சீட் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நின்று அழுதேன். உன் அம்மா என் தோள்துண்டை எடுத்து என்னிடமே கொடுத்தாள்.

குப்பத்தில் அஞ்சலை வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து யாரென்று தெரியவில்லை. நான் ரயில், சாமி படம் என்று தடுமாறிச் சொன்னேன். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. "ஆங், அந்த பஜன கோஷ்டி! சாமிக்கு ஒண்ணியும் ஆவலியே? கண்ணாடி ஒடயலியே?" அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் கத்தியதைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லையா, இல்லை நினைவில் வைத்துக்கொள்ளவில்லையா, இன்றுவரை தெரியாது. அன்று கூடுவாஞ்சேரிக்குத் திரும்பிப் போவதற்குள் அவள் வழக்கமாக மீன் போடுகிற மெஸ்காரர் வேறொருத்தியிடம் வாங்கிவிட்டாராம், அதோடு அந்த வாடிக்கையே போய்விட்டதாம். அதனால்தான் ரயிலுக்கு வருவதில்லை. இதை உன் அம்மா கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினாள், அஞ்சலையாகச் சொல்லவில்லை. நான் கை கூப்பினேன். "அய்ய, இன்னா சார் இது, பெரியவரு நீங்கோ" என்று எழுந்துவிட்டாள்.

"எங்கள ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமேம்மா. தோளத் தொட்டிருந்தா கண்ணத் தொறந்திருப்பேனே" என்றேன். அஞ்சலை என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "எப்டி கூப்புடறது? அத்தினி பேரும் கண்ண மூடிகினு சாமியாண்ட பேசிகினு கீறீங்கோ. நடுவுல பூந்து பேசலாமா? தப்பில்ல?" என்றாள். அப்புறம், "உங்க மூஞ்சிதான் எல்லார்த்திலியும் உருக்கமா இருந்துச்சி" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

கண்ணா, என் வாழ்க்கையில் எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை அப்படி ஆட்டிவைத்ததில்லை. என் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருத்தி அதைப் பிரார்த்தனை என்று நம்பியிருக்கிறாள். நம்பி, தன் ஸ்டேஷனை விட்டிருக்கிறாள், பிழைப்பை விட்டிருக்கிறாள், மூச்சை அடக்கிக்கொண்டு காவல் நின்றிருக்கிறாள். அந்தப் பெட்டியில் ஒருவர்தான் சாமியோடு வந்தது, அது நானில்லை. திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு உன் அம்மாவிடம், "அவ நம்பின அந்தக் கண்ண மூடறத ஒரு நாளாவது நெசமாக்கிட்டுச் சாகணும்" என்றேன். என் வழி தொடங்கிய இடம் அதுதான். அதற்கு முந்திய திருமண், தாளம், சட்டதிட்டம் எல்லாம் வேறு எதுவோ. அன்று எனக்கு நாற்பத்தெட்டு வயது.

மறுநாள் வண்டியில் சாமி சீட் கிடையாது என்று சொல்லிவிட்டேன். கோபால் குதித்தான். "அப்ப சாமிய எங்க சார் வெக்கறது?" "மடியில" என்றேன். "உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சி சார்" என்று பாதிப் பேர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். அங்கே புதுப் படம், புதுத் துண்டு. நான் இந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது நின்றால் இடம் கொடுத்து எழுந்து, படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி பாட ஆரம்பித்தேன். முதல் வாரமே ஒன்றைப் பார்த்து ஆடிப்போனேன். செங்கல்பட்டை விட்டதும் கொளவாய் ஏரி முழுக்க வெயில் இறங்கித் தகதகவென்று நிற்கிறது, நாரைகள் அதில் நடக்கின்றன. அத்தனை வருஷமாக அந்த ஏரியைத் தாண்டியிருக்கிறேன். எனக்கும் கோபாலுக்கும் தாளத்தில் யார் முந்தி என்கிற சண்டையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. ரிட்டயர் ஆகிற வரை அதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் வாய்விட்டு "அடேயப்பா" என்றிருக்கிறேன். நெசமாகப் பிரார்த்தனை செய்தேனா என்று கேட்டால், எல்லா நாளும் இல்லை. சூப்பரிண்டெண்ட் அப்புறமும் நடு நடுவே வந்து போனான். வந்தால் செதிலைப் பார்ப்பேன், அவன் போய்விடுவான். சில நாள் ஒரு நிமிஷம், சில நாள் அரை நிமிஷம், வேறு யாரும் இல்லாமல் நானும் அவரும் இருந்திருக்கிறோம். அந்த அரை நிமிஷத்தின் பிரமிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

படத்தை எடுத்துக்கொள். சனிக்கிழமை வா, ஆனால் காரை எடுத்துக்கொண்டு வராதே. திருப்போரூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறு, கேளம்பாக்கத்தில் மாறி நாவலூரில் உன் வீட்டுக்குப் போ. படம் மடியில் இருக்கட்டும். யாராவது நின்றால் எழுந்துகொள். வீடு வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு போ. கை வலிக்கும், வலிக்கட்டும். கண்ணாடியில் பாதத்துக்குக் கீழே ஒரு செதில் இருக்கும், மருமகளிடம் துடைக்க வேண்டாம் என்று சொல். அந்த ரூமில் எங்கே மாட்டுவாயோ, எத்தனை மணிக்கு உட்காருவாயோ, அது உன் இஷ்டம். அதில் நான் சட்டம் போட மாட்டேன், போட்டது போதும்.

ஒன்று மட்டும். கதவைத் தாழ்ப்பாள் போடாதே. நீ கண்ணை மூடிக்கொண்டு உட்காரும்போது பாப்பா வெளியே வந்து நிற்பாள். நீ கத்தினதால் தட்ட மாட்டாள், கூப்பிட மாட்டாள். அப்பா சாமியிடம் பேசிக்கொண்டிருக்கிறார், நடுவில் பேசக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு, கையில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்தபடி நிற்பாள். அவள் நம்பிக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில், ராஜா, நீ நெசமாகவே பேசு. இல்லையென்றால் எழுந்து போய்க் கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொள்.

உன் அப்பா